பழைய விலையை மொட்டையாக அச்சிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வணிகப் பக்கத்தில் வங்கிப் பங்குகளின் பழைய விலையையும் இன்றைய விலையையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, எத்தனை மடங்கு கூடியது என்று ஒரு அட்டவணை வெளியிட்டிருந்தீர்கள். நான் திருமங்கலத்தில் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன். அந்த அட்டவணையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு திங்கட்கிழமையே சிலர் என்னிடம் வந்துவிட்டார்கள், ஒருவர் விற்கலாமா என்று கேட்கிறார், இன்னொருவர் விட்டுவிட்டோமே என்று வருத்தப்படுகிறார், இரண்டு பேருமே நீங்கள் போட்ட அந்த ஒற்றை எண்ணை நம்பித்தான் பேசுகிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். பழைய விலை என்பது தனியாக நின்று எதையும் சொல்லாது. அந்தத் தேதிக்கும் இன்றைக்கும் நடுவில் அந்த ஷேருக்கு என்னென்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் போட்டால்தான் அது வாசகருக்கு உதவும்.

ஸ்டேட் வங்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 நவம்பரில் அதன் ஷேர் 2,700 ரூபாய்க்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது, அதே மாதம் 300 ரூபாய்க்குக் கீழே வந்தது. யாருக்கும் நஷ்டமில்லை. 10 ரூபாய் முகமதிப்புள்ள, அதாவது சான்றிதழில் 10 ரூபாய் என்று எழுதியிருக்கிற ஒரு ஷேரை 1 ரூபாய் முகமதிப்புள்ள பத்து ஷேராகப் பிரித்தார்கள், அவ்வளவுதான், இதைத்தான் ஸ்ப்ளிட் என்கிறார்கள். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு ஏக்கரைப் பத்து மனையாகப் பிரித்துவிட்டு, "ஏக்கர் அந்த விலை இருந்தது, மனை இவ்வளவுதான், நிலத்தின் விலை விழுந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வோமா? ஷேர் என்று வந்தால் மட்டும் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். 2025 ஆகஸ்டில் எச்டிஎஃப்சி வங்கி ஒன்றுக்கு ஒன்று போனஸ், அதாவது கையிலிருக்கிற ஒவ்வொரு ஷேருக்கும் இலவசமாக இன்னொரு ஷேர், கொடுத்தபோதும் இதுதான் நடந்தது. இரண்டாயிரத்தை ஒட்டி இருந்த விலை ஆயிரத்துக்குக் கீழே காட்டியதும் பதறிப்போய்க் கேட்டவர்கள் எங்கள் ஊரிலேயே இருந்தார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அதே எச்டிஎஃப்சி வங்கி 1995இல் முதன்முதலாகப் பங்கு வெளியிட்டபோது விலை 10 ரூபாய். 2011 ஸ்ப்ளிட்டில் ஒரு ஷேர் ஐந்தானது, 2019 ஸ்ப்ளிட்டில் அந்த ஐந்து பத்தானது, 2025 போனஸில் பத்து இருபதானது. இந்த மாற்றங்களைக் கழித்துக் கணக்குப் போட்டால் வெளியீட்டு விலை 50 பைசா என்று வரும். ஆனால் 50 பைசாவுக்கு அந்த ஷேரை ஒருவரும் வாங்கியதில்லை, 10 ரூபாய் கொடுத்துத்தான் வாங்கினார்கள். வளர்ச்சியை ஒப்பிட்டுப் பார்க்க 50 பைசாதான் சரி, அன்றைக்குக் கையிலிருந்து எவ்வளவு போனது என்று கேட்டால் 10 ரூபாய்தான் சரி. எதைச் சொல்கிறோம் என்பதை அட்டவணையின் தலைப்பில் ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும், உங்கள் பக்கத்தில் அந்த ஒரு வரிதான் இல்லை.

நம் மதுரைக்காரர்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், பாங்க் ஆஃப் மதுரா. 1943இல் கருமுத்து தியாகராசர் தொடங்கிய வங்கி, இந்தப் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களில் அதன் பங்குச் சான்றிதழ் இருந்தது, இன்றும் பீரோவுக்கு அடியில், நகைச் சீட்டுகளோடு சேர்ந்து சிலரிடம் கிடக்கிறது. 2001 மார்ச்சில் அது ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்துவிட்டதால் அந்தப் பெயரில் இன்று விலை தேடினால் ஒன்றும் கிடைக்காது. கிடைக்காததும், செல்லாத காகிதம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா தன் வீட்டுக்காரர் விட்டுப்போன சான்றிதழைக் கொண்டுவந்து, "தம்பி, இதுக்குச் சில ஆயிரம் தர்றேன்னு ஒருத்தர் கேக்குறாரு, குடுத்துரவா?" என்று கேட்டார். கொடுத்துவிடாதீர்கள் பெரியம்மா என்று சொல்லிவிட்டு, அவர் எதிரிலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். பாங்க் ஆஃப் மதுரா ஷேர் ஒன்றுக்கு ஐசிஐசிஐ வங்கி ஷேர் இரண்டு என்பதுதான் இணைப்பின்போது நிர்ணயித்த விகிதம். ஆகவே 100 ஷேர் 200 ஆனது. 2014 டிசம்பரில் 10 ரூபாய் முகமதிப்பை 2 ரூபாயாக்கிப் பிரித்தபோது 200 என்பது 1,000 ஆனது. 2017இல் பத்துக்கு ஒன்று போனஸ், 1,100 ஆனது. 2024இல் ஆயிரம் ரூபாய்க்கு மேல் விற்ற ஷேர் அது, ஆயிரம் என்றே வைத்துக்கொண்டாலும் 11 லட்சம், இடையில் வந்த டிவிடெண்ட், அதாவது வங்கி தன் லாபத்திலிருந்து ஷேர்தாரருக்குக் கொடுக்கிற பணம், தனி.

அதைக் கைக்குக் கொண்டுவருவது சுலபமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்து காகிதச் சான்றிதழை வைத்து ஷேரை இன்னொருவருக்கு விற்று மாற்ற முடியாது, டீமேட்டுக்கு, அதாவது காகிதமில்லாமல் கணினியில் ஷேரை வைத்திருக்கிற கணக்குக்குக் கொண்டுவர வேண்டும். ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் விட்டிருந்தால் அந்த ஷேர்கள் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்குப் போயிருக்கும், அங்கிருந்து விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும், வாரிசுச் சான்று அது இது என்று அலைச்சல் இருக்கிறது. ஆனாலும் காகிதம் செல்லும். அந்தப் பெரியம்மா ஊரில் இன்னும் எத்தனை பேர் சில ஆயிரத்துக்குக் கொடுத்துவிட்டார்களோ என்று நினைத்தால் மனசு ஆறவில்லை. உங்கள் நாளிதழ் இதை ஒருமுறை அரைப்பக்கத்துக்கு எழுதினால் எவ்வளவோ வீடுகளுக்குப் போய்ச் சேரும்.

அப்புறம் வரி. 2018 பிப்ரவரிக்கு முன்பு வாங்கிய ஷேரை இப்போது விற்றால், 2018 ஜனவரி 31 அன்று சந்தையில் அது தொட்ட அதிகபட்ச விலையை, விற்ற விலையைத் தாண்டாத அளவுக்கு, வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். வாங்கிய விலையே அதைவிடக் கூடுதல் என்றால் அதையே வைத்துக்கொள்ளலாம். பழைய விலை நேரடியாகப் பணமாகிற இடம் இதுதான், தப்பு நடக்கிற இடமும் இதுதான். செல்போன் செயலியில் அன்றைய விலையைப் பார்த்தால் பெரும்பாலும் ஸ்ப்ளிட், போனஸ் இரண்டையும் கழித்த விலைதான் தெரியும். வரிச் சட்டம் இந்த இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. ஸ்ப்ளிட் ஆனால் விலையைப் பிரித்துக்கொள்ளலாம், ஆனால் 2018 ஜனவரி 31க்குப் பிறகு வந்த போனஸ் ஷேருக்கு வாங்கிய விலை பூஜ்யம், பழைய ஷேரின் விலை குறையாமல் அப்படியே நிற்கும். எச்டிஎஃப்சி வங்கியில் 2018க்கு முன்பே 100 ஷேர் வைத்திருந்தவரிடம் இப்போது 400 இருக்கும். செயலி அந்தப் பழைய விலையை நான்கால் வகுத்துக் காட்டும், வரிக்கு அதை இரண்டால் வகுத்து முதல் 200 ஷேருக்கு வைக்க வேண்டும், மீதி 200க்கு ஒன்றும் கிடையாது. டீமேட்டில் முதலில் வந்ததுதான் முதலில் விற்றதாகக் கணக்கு. எனவே முதல் 200ஐ மட்டும் விற்றவர் செயலி காட்டிய விலையைப் போட்டால் இல்லாத லாபத்துக்கு வரி கட்டுவார். இப்படிக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். வரிக்கு, பங்குச்சந்தை அன்றன்று வெளியிட்ட அசல் விலைப் பட்டியலை எடுத்துத்தான் தொடங்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயமாக இருப்பது, உச்ச விலையை மனசில் வைத்துக்கொண்டு வாங்குவது. யெஸ் வங்கி 2018 ஆகஸ்டில் 400 ரூபாயைத் தொட்டது, 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது ஒற்றை இலக்கத்துக்குப் போனது. 400 போன ஷேர் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆட்டோ ஓட்டுகிறவரிலிருந்து வாத்தியார் வரைக்கும் வாங்கிப் போட்டார்கள், விழ விழ இன்னும் வாங்கி, வாங்கிய சராசரி விலையைக் குறைக்கிறோம் என்று "ஆவரேஜ்" பண்ணினார்கள். விலை வரைபடம் அவர்களுக்குச் சொல்லாத விஷயம் ஷேர்களின் எண்ணிக்கை. 2018இல் அந்த வங்கிக்குச் சுமார் 230 கோடி ஷேர். மீட்புக்காக ஸ்டேட் வங்கியும் மற்ற வங்கிகளும் 10 ரூபாய் விலையில் புதிய ஷேர் வாங்கிப் பணம் போட்டு, பிறகு பொதுமக்களிடமும் பணம் திரட்டியதில் 2020லேயே 2,500 கோடியானது, இப்போது 3,100 கோடிக்கு மேல். அன்றைக்கு 400 ரூபாய் என்றால் மொத்த வங்கியின் சந்தை மதிப்பு 92,000 கோடி. இன்றைக்கு அதே 400 வர வேண்டுமானால் 12 லட்சம் கோடிக்கு மேல் போக வேண்டும். வரைபடத்தில் அந்த 400 ஏதோ ஏறித் தொடக்கூடிய மேடு மாதிரித் தெரிகிறது, ஆனால் அது இன்றைய ஷேரின் விலையே இல்லை, பங்கு அத்தனை பேருக்குப் பிரிந்துவிட்டது. இதையும் ஸ்ப்ளிட்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஸ்ப்ளிட்டில் நம் கையில் இருக்கும் எண்ணிக்கையும் கூடும், இதில் கூடாது.

கரூரின் லட்சுமி விலாஸ் வங்கியை உங்கள் அட்டவணையில் தேடினேன், இல்லை. இருக்கவும் முடியாது. 2020 நவம்பரில் அதை டிபிஎஸ் வங்கியின் இந்திய நிறுவனத்தோடு இணைத்தபோது பங்கு மூலதனம் முழுவதையும் தள்ளுபடி செய்துவிட்டார்கள், டெபாசிட் போட்டவர்கள் தப்பித்தார்கள், ஷேர் வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா இல்லை. இன்றைக்கு உயிரோடு இருக்கிற வங்கிகளை மட்டும் அடுக்கி "வங்கிப் பங்குகள் பத்தாண்டில் இத்தனை மடங்கு" என்று தலைப்புப் போட்டால், அந்த நஷ்டம் நடக்கவே இல்லை என்று ஆகிவிடுகிறது. மூடிய வங்கிக்கும் அட்டவணையில் ஒரு வரி கொடுங்கள், கடைசி விலையும் ஷேர்தாரருக்குக் கிடைத்தது என்ன என்பதும் அதில் இருக்கட்டும்.

டிவிடெண்டைச் சேர்க்காத விலை, வருடா வருடம் டிவிடெண்ட் கொடுக்கிற வங்கிகளைக் குறைத்துக் காட்டும் என்பதும் உண்மை. அதற்குத் தனிக் கணக்கு வேண்டும், இடம் இல்லையென்றால் "டிவிடெண்ட் சேர்க்கப்படவில்லை" என்றாவது அடியில் போடலாம்.

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. அடுத்த முறை அட்டவணை வரும்போது அன்றைய முகமதிப்பு, நடுவில் ஸ்ப்ளிட்டோ போனஸோ நடந்த மாதமும் விகிதமும், அன்றைக்கும் இன்றைக்கும் மொத்த ஷேர் எண்ணிக்கை, இந்த மூன்றையும் விலையோடு சேர்த்து அச்சிடுங்கள். மடங்குக் கணக்கை அப்புறம் வாசகர்களே போட்டுக்கொள்வார்கள். பாங்க் ஆஃப் மதுரா சான்றிதழ் பற்றிய கட்டுரையை எழுத முன்வந்தால், விகிதக் கணக்கையும் விண்ணப்பிக்கிற முறையையும் எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.