பலபோர்வா பள்ளம்: மாமாவுக்கு ஒரு கடிதம்

பலபோர்வா,
லிம்போபோ மாகாணம்,
தென்னாப்பிரிக்கா.

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் நலம். நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இங்குள்ள பலபோர்வா சுரங்கத்தில் தாமிரம் இன்னும் அடியில் இருக்கும்போது மேலிருந்து தோண்டுவதை 2002-இல் ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பணிக்காலம் முழுவதையும் நெய்வேலிச் சுரங்கத்தில் கழித்தவருக்கு அந்தச் சந்தேகம் எழுவது இயல்புதான். தொலைபேசியில் சொல்லி முடிகிற செய்தி இல்லை என்பதால் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் தாது கிடக்கும் வடிவமே. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி கிடைமட்டப் படுகையாகக் கிடக்கிறது. மேல்மண்ணை நீக்குகிறீர்கள், நிலக்கரியை எடுக்கிறீர்கள், சுரங்கம் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போகிறது. எடுத்த மண்ணைப் பின்னால் காலியான இடத்திலேயே கொட்டி நிலத்தைச் சமன் செய்துவிடுகிறீர்கள். இங்கே தாது செங்குத்தாக நிற்கும் ஒரு பாறைக்குழாய். மேற்பரப்பில் நீளம் ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர், அகலம் 0.8 கிலோமீட்டர், ஆழமோ ஒரு கிலோமீட்டரைத் தாண்டியும் இறங்குகிறது. இதைப் பின்தொடர்ந்து ஒரு படி கீழே இறங்க வேண்டுமானால், சுற்றுச்சுவர் சரியாமல் இருப்பதற்காக, மேலே உள்ள படிகள் அத்தனையையும் வெளிப்பக்கமாக வெட்டி அகலப்படுத்த வேண்டும். ஆகவே ஆழம் கூடக் கூட, ஒரு டன் தாதுவுக்கு அகற்ற வேண்டிய வெறும் பாறையின் அளவும் கூடிக்கொண்டே போகும். அந்த வெறும் பாறையைத் திரும்பக் கொட்டவும் வழியில்லை, ஏனென்றால் பள்ளத்தின் அடியில்தான் அடுத்த தாது இருக்கிறது. குறுக்கே ஏறத்தாழ 2 கிலோமீட்டரும் ஆழத்தில் சுமார் 800 மீட்டரும் ஆனபோது, மேலும் அகலப்படுத்துவது கட்டுப்படியாகாது என்று கணக்கு சொல்லிவிட்டது. ஊரைச் சுற்றி நிற்கும் கழிவுப் பாறை மேடுகளைப் புதிதாக வருபவர்கள் இயற்கையான குன்றுகள் என்றே நினைக்கிறார்கள்.

உண்மையான குன்று ஒன்று இருந்தது. அதன் பெயர் லூலேகோப். பள்ளம் இருக்கும் இடம் அதுவேதான். இந்தப் பகுதியின் பழங்குடியினரான பாபலபோர்வா மக்கள் அங்கே தாமிரக் கல்லை வெட்டி உருக்கினார்கள் என்பதற்குச் சான்றுகள் கிடைத்தன. பழைய குழிகளில் எடுத்த கரியின் வயதைக் கணித்தபோது அது ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முந்தையது என்று தெரிந்தது. நவீன நிறுவனம் தொடங்கப்பட்டது 1956-இல், அதாவது உங்கள் நெய்வேலி நிறுவனம் பிறந்த அதே ஆண்டில். 1960-களின் நடுவில் குன்றை வெட்டத் தொடங்கி, அது நின்ற இடத்தை ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய பள்ளங்களுள் ஒன்றாக ஆக்கிவிட்டார்கள். முன்னோர் வெட்டிய குழிகளை இன்னும் கொஞ்சம் விரிவாகப் பதிவு செய்துவிட்டு வெடிவைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

அந்தக் குழாய்ப் பாறைக்குக் கார்பனடைட் என்று பெயர். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லைப் போலவே இதுவும் பெரும்பாலும் கால்சைட் என்ற கனிமத்தால் ஆனதுதான். ஆனால் அரியலூர்க் கல் கடலடியில் படிந்தது, இதுவோ பூமியின் ஆழத்திலிருந்து உருகிய குழம்பாக மேலே ஏறிவந்து, பழைய கிரானைட் நைஸ் பாறைகளைத் துளைத்துக்கொண்டு இறுகியது. வயது ஏறத்தாழ 206 கோடி ஆண்டுகள். நம் ஊரிலும் இதன் உறவுக்காரர் இருக்கிறார்: திருப்பத்தூர் பக்கம் சேவாத்தூரில் இருப்பதும் கார்பனடைட்தான், அங்கே தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமான டாமின் எடுக்கும் வெர்மிகுலைட் என்ற கனிமம் இங்கும் பெருமளவில் கிடைக்கிறது. உலகில் பல இடங்களில் கார்பனடைட் உண்டு. ஆனால் அதிலிருந்து தாமிரத்தையே முதன்மை உலோகமாக எடுக்கும் பெரிய சுரங்கம் என்றால் இது ஒன்றைத்தான் சொல்வார்கள்.

குழாயின் நடுப்பகுதியில், பிற்காலத்தில் மீண்டும் பிளந்துகொண்டு ஏறிய கார்பனடைட்டில்தான் தாமிரம் செறிவாக உள்ளது. அதைச் சுற்றி மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாது, அபடைட், ஆலிவின் ஆகிய கனிமங்கள் கலந்த ஃபாஸ்கொரைட், அதற்கும் வெளியே பைராக்சினைட் என்று வளையங்களாகப் பாறைகள் மாறுகின்றன. சராசரியாக ஒரு டன் தாதுவில் 5 முதல் 7 கிலோ தாமிரம்தான். அது பெரும்பாலும் சால்கோபைரைட், போர்னைட் என்ற கந்தகக் கனிமங்களில் இருக்கிறது. வாலரைட் என்று இன்னொன்றும் உண்டு. மெல்லிய செதில்களாக உதிரும் மென்மையான கனிமம், தாமிரத்தைப் பிரிக்கும் நுரைத் தொட்டியில் (அதைப் பின்னால் சொல்கிறேன்) சொன்னபடி மிதக்காமல் கழிவோடு தாமிரத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். ஆலைக்காரர்களுக்கு அதன் பெயரைக் கேட்டாலே எரிச்சல்.

நெய்வேலியின் சக்கர வாளி இயந்திரங்கள் இந்தப் பாறையில் செல்லாது. துளையிட்டு, வெடிவைத்து, மின்சார மண்வாரிகளால் அள்ளி, ராட்சத டம்பர்களில் ஏற்றினார்கள். பள்ளத்தில் வேலை நடந்த கடைசிக் காலத்தைப் பார்த்த டர்பன் நகரத்துக்காரர் ஒருவர் எங்கள் மின்பிரிவில் இருக்கிறார். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழியில் வந்தவர்; தமிழில் சில சொற்களுக்கு மேல் பேச வராது, ஆனாலும் தைப்பூசத்துக்கு ஊருக்குப் போய்க் காவடி எடுக்காமல் இருந்ததில்லை. அவர் பெருமையோடு சொல்வது டம்பர் பாதையின் மின்கம்பிகளைப் பற்றித்தான். இந்த வண்டிகளில் டீசல் எஞ்சின் சக்கரத்தை நேரடியாகச் சுழற்றுவதில்லை; மின்சாரம் உண்டாக்கிச் சக்கர மோட்டார்களுக்குக் கொடுக்கிறது. அந்த மின்சாரத்தை வெளியிலிருந்தே கொடுத்தால் என்ன என்று, 1980-களின் தொடக்கத்தில் ஏற்றப் பாதையின் மேல் கம்பி இழுத்து, மின்சார ரயிலைப் போல வண்டியின் மேலிருந்து ஒரு கையை நீட்டித் தொடவைத்தார்கள். சுமையோடு ஏறும்போது வேகம் கூடியது, டீசல் செலவு வெகுவாகக் குறைந்தது. ஆழமான பள்ளத்தில் பெரும்பணம் கரைவது தோண்டுவதில் அல்ல, மேலே தூக்கி வருவதில்தான் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மேலே வந்த கல்லை உடைத்து, மாவாக அரைத்து, நீரும் வேதிப்பொருளும் கலந்த தொட்டியில் காற்றை ஊதினால், தாமிரக் கனிமம் மட்டும் நுரையோடு மிதந்து வரும். அதை வழித்தெடுத்து உலர்த்தினால் கிடைக்கும் செறிவில் மூன்றில் ஒரு பங்கு வரை தாமிரம் இருக்கும். உருக்கி, காற்றூதிக் கந்தகத்தை விரட்டி, வார்த்த தகடுகளை மின்பகுப்புக்கு உட்படுத்தினால் 99.99 விழுக்காடு தூய தாமிரம் கிடைக்கும். மின்பகுப்புத் தொட்டியின் அடியில் படியும் சேற்றில் தங்கமும் வெள்ளியும் சிறிதளவு சேரும். அரைத்த மாவிலிருந்து காந்த உருளைகள் பிரித்தெடுத்த மேக்னடைட், வாங்க ஆளில்லாமல் பல ஆண்டுகள் மலையாகக் குவிந்து கிடந்தது. 2013-இல் சீனத்து ஹேபெய் எஃகுக் குழுமத்தின் தலைமையிலான கூட்டு சுரங்கத்தை வாங்கியபோது, அவர்கள் கண் தாமிரத்தைவிட அந்தக் குவியலின் மேல்தான் என்று இங்கே பேசிக்கொண்டார்களாம்.

இனி உங்கள் கேள்வியின் மறுபாதி: அடியில் மிஞ்சிய தாமிரத்தை எப்படி எடுக்கிறார்கள் என்பது. பள்ளத்தின் அடியிலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் கீழே சுரங்கப் பாதைகள் வெட்டி, தாதுவின் அடிப்பகுதியை மட்டும் வெடிவைத்துக் குடைந்தார்கள். தாங்கும் தரையை இழந்த பாறை தன் எடையாலேயே உடைந்து, கீழே வெட்டிவைத்த புனல்களின் வழியே விழும். லோடர்கள் அதை அள்ளி உடைப்பானில் போட, கன்வேயரிலும் செங்குத்தான சுரங்கக் கிணற்றின் வழியாகவும் மேலே வரும். வெடிமருந்துச் செலவு குறைவு, வெறும் பாறையை அகற்றும் வேலையும் இல்லை. ஆனால் குடைவு மேல்நோக்கி வளர்ந்து பள்ளத்தின் தரையை எட்டியபோது, சுவரின் பாதமும் பிடிமானத்தை இழந்தது. 2004 வாக்கில் வடமேற்குச் சுவர் சரியத் தொடங்கி, 10 கோடி டன்னுக்கும் மேற்பட்ட பாறை பள்ளத்துக்குள் இறங்கியது. அதில் ஒரு பகுதி தாதுவோடு கலந்து கீழே வந்துவிட்டதால், ஆலைக்குப் போகும் கல்லின் தரமும் தாழ்ந்தது. இப்போது அதற்கும் கீழே, இன்னும் 400 மீட்டருக்கு மேல் ஆழத்தில், இரண்டாவது தளம் அமைத்து எடுக்கிறார்கள்.

என் வேலை அந்தச் சுவர்களின் நகர்வை அளப்பது. எதிரொளிப்புக் கண்ணாடிகளும் ரேடாரும் மில்லிமீட்டர் கணக்கில் சொல்வதைப் பதிவு செய்து, எந்தப் பக்கம் ஆட்கள் போகலாம், எந்தப் பக்கம் கூடாது என்று எழுதிக் கொடுக்கிறோம். வேலி தாண்டினால் குரூகர் தேசியப் பூங்கா. யானைகள் சில வேளைகளில் ஊர்ப்புறம் வரை வந்துவிடும் என்பதால், அத்தை பயப்படாமல் இருக்க அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்.

உங்கள் நண்பரின் மகன் சுரங்கத்துறையில் மேற்படிப்புக்கு எதை எடுக்கலாம் என்று கேட்டிருந்தார் அல்லவா? பாறை இயக்கவியல் எடுக்கச் சொல்லுங்கள். பள்ளங்கள் ஆழமாகி, ஒன்றன்பின் ஒன்றாக நிலத்தடிக்கு மாறிவருகின்றன. அந்த வேலைக்கு ஆள் கிடைப்பது இங்கே பெரும்பாடாக இருக்கிறது. விண்ணப்பத்தை என் முகவரிக்கே அனுப்பலாம், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகன்