ஜவ்வரிசிக்கும் உருக்குக்கும் ஒரே கணக்கு

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள செல்வம்,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே வெயில் ஏறிவிட்டது. ஞாயிறானால் கோரிமேட்டிலிருந்தே ஏற்காடு போகிற கார்கள் வரிசை கட்டுகின்றன.

“கணிதம் படித்தாய், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாய், ஆலைக்குப் போகிறாய், இப்போது பாடம் நடத்துவதைப் பற்றியும் ஆராய்ச்சி என்கிறாய், உன் வேலைதான் என்னடா?” என்று கேட்டிருந்தாய். போன மாதம் ஒரு தேர்வுக் குழுவும் இதையே கேட்டது, உன் அளவுக்கு அன்பாக இல்லை. எந்தத் துறைக் கட்டத்தில் டிக் போடுவது என்பது அவர்கள் கவலை. எனக்கு மூன்றும் ஒரே வேலைதான்.

ஆத்தூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கு மாவில் செய்து களத்தில் காயப்போடும் ஜவ்வரிசியை எடுத்துக்கொள். மணியின் உள்ளே இருக்கும் ஈரம் மெல்ல நகர்ந்து வெளியே வரவேண்டும். நம் உருக்காலைத் தகட்டில் சூடு பரவுவதும் இதே போக்குதான். 1822-இல் பிரெஞ்சுக் கணிதர் ஃபூரியே வெப்பத்துக்கு எழுதிய சமன்பாட்டை, 1855-இல் ஜெர்மன் விஞ்ஞானி ஃபிக் கரைசலில் உப்பு பரவுவதற்கு எடுத்துக்கொண்டார். அந்தக் கணக்குப்படி மணியின் விட்டம் இரு மடங்கானால், உள்ளீரம் வெளியேற நான்கு மடங்கு நேரம். பெரிய மணி காயச் சண்டித்தனம் செய்யும் என்பது ஆலைக்காரருக்குத் தெரியும்; எவ்வளவு என்று சொல்வதுதான் என் பங்கு.

அப்புறம் கம்ப்யூட்டர். தகட்டை ஒரு வரிசைப் புள்ளிகளாகவும் நேரத்தைப் படிகளாகவும் வெட்டுகிறோம். ஒவ்வொரு படியிலும் ஒரு புள்ளி தன் சூட்டில் ஒரு பங்கைப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டில் ஒவ்வொன்றுக்கும் கொடுக்கும், அவற்றிடமிருந்தும் அதே விகிதத்தில் வாங்கும். பங்கு 0.5-க்குள் இருக்கும் வரை சரி. 0.6 என்று வை: 0, 0, 100, 0, 0 என்பது அடுத்த படியில் 0, 60, −20, 60, 0 ஆகிவிடும். கையில் 100 வைத்துக்கொண்டு 120 கொடுத்தால் வேறென்ன ஆகும்? இதைத் தவிர்க்க, பங்கு குறையும்படி நேரப் படியைச் சுருக்கவேண்டும். புள்ளிகளின் இடைவெளி பாதியானால் நேரப் படி கால்வாசி ஆகவேண்டும், வேலை எட்டு மடங்கு. இப்படி வரம்புகள் உண்டு என்பதை கூரன்ட், ஃபிரெட்ரிக்ஸ், லெவி என்ற கணிதர் மூவரும் அலைச் சமன்பாட்டில் 1928-இலேயே, கம்ப்யூட்டர் வராத காலத்தில், காட்டிவிட்டார்கள். 1947-இல் கிராங்க், நிக்கல்சன் இருவரும் தந்த முறையில் எண்கள் படிக்குப் படி பெருகிக் கணக்கு வெடிக்காது. ஆனால் படிக்குப் படி எல்லாப் புள்ளிகளையும் சேர்த்தே தீர்க்கவேண்டும். எதற்கு எது லாபம் என்ற பேரம்தான் என் ஆராய்ச்சியில் பெரும்பகுதி.

எனக்குக் கஷ்டமானது வகுப்பறைதான். வரம்பைச் சொல்லாமல் 0.6-ஐக் கொடுத்துப் போடச் சொல்வேன். பலர் அந்த −20-ஐப் பார்த்ததும் கழித்தல் குறியை அடித்துவிட்டு 20 என்று எழுதிவிடுகிறார்கள். விடை அபத்தமாக இருக்கிறதே என்று கை தூக்கும் பையன் அபூர்வம். ஏன் அடிக்கிறார்கள், கை தூக்க வைக்க என்ன செய்யலாம் என்பதைத்தான் இப்போது தோண்டிக்கொண்டிருக்கிறேன். தேர்வுக் குழுவுக்கு இது கணிதமாகவே தெரியவில்லை, போகட்டும்.

உன் மகள் கணிதமா இன்ஜினியரிங்கா என்று குழம்புகிறாளே, அவளிடம் இதே கணக்கைக் கொடு. இரு ஓரங்களையும் 0-வாகவே வைத்து மூன்று படி போடட்டும், நடுவில் −44 வரும். வந்ததும் அவள் முதலில் என்ன கேட்டாள் என்று மறக்காமல் எழுது.

உன்,
மணி