மாமாவுக்கு ஒரு ஷேவர்

திருப்பூர்,
செவ்வாய் இரவு.

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. மாமா ஆஸ்பத்திரியிலிருந்து நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. அமராவதியில் தண்ணீர் விட்டதில் ரொம்ப சந்தோஷம். நடவுக்கு ஆள் கிடைத்ததா? இங்கே கம்பெனியில் ஆர்டர் பரவாயில்லை. மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம். மாமாவுக்கு எந்த எலக்ட்ரிக் ஷேவர் வாங்கலாம் என்று கேட்டிருந்தாயே, அந்த விஷயத்தில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

மாமா மாதிரி இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பு விலக வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்தவர்களுக்கு அஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் கொடுப்பார்கள். ரத்தம் உறைந்துவிடாமல் இருக்கத்தான் அந்த மாத்திரைகள். அதனால் பிளேடு லேசாகக் கீறினாலும் ரத்தம் சட்டென்று நிற்காது. எங்கப்பாவுக்குப் போன வருஷம் அப்படித்தான் ஆனது. கை நடுக்கத்தோடு தானே சவரம் செய்துகொள்ள உட்கார்ந்தவர், தாவாங்கட்டையில் வெட்டிக்கொண்டார். அரைமணி நேரம் துண்டை வைத்து அழுத்திக்கொண்டே நின்றேன். "ஒன்னுமில்ல, உட்றா" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார், துண்டு நனைந்துகொண்டிருந்தது. இனி இவர் முகத்தில் பிளேடு படக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

முன்பெல்லாம் இந்தக் கவலையே இருந்ததில்லை. உன் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துச் சொன்னாரே, அந்தப் பெரியவர் ஞாயிறுதோறும் வீட்டுக்கே வந்து, அப்பாவைத் திண்ணையில் உட்காரவைத்துச் சவரம் செய்துவிடுவார். அந்தக் கைக்கு எந்த மிஷினும் ஈடாகாது. அவரும் இப்போது வெளியூரில் மகன் வீட்டோடு இருக்கிறார்.

சரி, கடைக்குப் போனால் முதலில் ஒன்றைக் கவனி. ட்ரிம்மரையும் ஷேவரையும் பக்கத்தில் பக்கத்தில்தான் வைத்திருப்பார்கள். விலை குறைவென்று ட்ரிம்மரை எடுத்துவிடாதே. அது முடியைக் கொஞ்சம் விட்டுத்தான் வெட்டும், மழமழவென்று வராது. ஷேவரில் இரண்டு தினுசு உண்டு. மூன்று வட்டத் தலைகள் இருப்பது ரோட்டரி; பிலிப்ஸ் 1939 இல் இந்தச் சுழலும் தினுசைக் கொண்டுவந்தது. இன்னொன்று ஃபாயில். சல்லடை மாதிரி மெல்லிய தகடு மேலே இருக்கும், அதற்கடியில் பிளேடு இடமும் வலமுமாக ஓடும். பிளேடு நேராகத் தோலில் படுவதே இல்லை. அப்பாவின் தோல் வெங்காயச் சருகு போல ஆகிவிட்டதால் நான் ஃபாயிலைத்தான் எடுத்தேன். ஆனால் ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது செய்ய வேண்டும். நாலு நாள் தாடி அந்த ஓட்டைக்குள் நுழையாது, படுத்துக்கொள்ளும். மாமா வாரம் ஒருமுறைதான் உட்காருவார் என்றால் ரோட்டரி நல்லது. கழுத்தில் திசைக்கொன்றாகப் படுத்திருக்கும் முடியையும் அது எடுத்துவிடும்.

எந்தக் கம்பெனியாக இருந்தாலும், மாற்றுத் தகடும் பிளேடும் கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடு. ஒன்றரை வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். நான் முதலில் வாங்கியதற்குத் தகடு எங்கேயுமே கிடைக்காமல், நல்ல மோட்டாரோடு சும்மா கிடக்கிறது. பேட்டரி லித்தியமாக இருக்கட்டும். தண்ணீரில் கழுவக்கூடிய மாடல்கள் பெரும்பாலும் ஒயரைச் செருகியபடி ஓடாது. அதனால் முந்தின நாள் ராத்திரியே சார்ஜ் போட்டு வைத்துவிடு.

காலையில் முகம் கழுவுவதற்கு முன்னால் செய்துவிடு. வேர்வை இருந்தால் தகடு வழுக்காமல் இழுக்கும். கொஞ்சம் பவுடர் போட்டால் சரியாகிவிடும். கழுத்துச் சுருக்கத்தை இடது கையால் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு, முடி முளைக்கும் திசைக்கு எதிராக மெதுவாக ஓட்டு. அழுத்தவே அழுத்தாதே. காதோரம் வரும்போது அப்பா கண்ணை மூடிக்கொள்வார். அந்த 'ங்ங்' சத்தம் மட்டும்தான் கேட்கும். முடிந்ததும் ஷேவரின் தலையைக் கழற்றித் தட்டினால் திருநீறு மாதிரி வெள்ளைத் தூள் கொட்டும். எங்கப்பா இத்தனை நெருக்கத்தில் எனக்கு முகத்தைக் கொடுத்தது இந்த வயசில்தான் மாப்ளே.

முதல் வாரம் கழுத்து கொஞ்சம் சிவக்கும். பயந்து நிறுத்திவிடாதே, தோல் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். பிரஷ்ஷைத் தகட்டின் மேல் போட்டுத் தேய்க்காதே. அடிக்கடி வெளிச்சத்தில் பிடித்துப் பார், சின்னக் கிழிசல் இருந்தாலும் தோலைக் கீறிவிடும். தண்ணீரில் கழுவினால் காய்ந்த பிறகு தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடு. எண்ணெய்ப் புட்டி நான் கொண்டுவருகிறேன், இந்த ஊரில் அதற்கா பஞ்சம்?

ஞாயிற்றுக்கிழமை தாராபுரம் வருகிறேன். நீ வாங்கி வைத்திருந்தால் முதல் தடவை நானே மாமாவுக்குச் செய்துவிடுகிறேன், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள். அத்தையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ளை