சிங்கம் பார்க்கப் போன கதை

அன்புள்ள சேது,

உன் கடிதம் வந்தபோது நானும் மங்கையும் குஜராத்தின் சௌராஷ்டிரத்தில் இருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி வைத்திருந்தார். பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள், முதல் நாளே டீச்சரை அழவிட்டுத் திரும்பினாள் என்று படித்ததும் மங்கைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தாத்தாவின் ரத்தம், வேறென்ன. கண் ஆபரேஷனைத் தள்ளிப் போடாதே. எனக்குப் போன வருஷம் செய்தார்கள். மறுநாளே பேப்பர் படித்தேன்.

"மதுரையில் பாதிப் பேர் சௌராஷ்டிரக்காரர்கள், அதைப் பார்க்க ரயிலேறி அவ்வளவு தூரம் போகணுமா?" என்று கேட்டிருந்தாய். மகால் பக்கம் இருந்த நம் வகுப்புத் தோழன் வீட்டில் தின்று வளர்ந்தவர்கள் நாம், கேள்வி நியாயம்தான். அவர்கள் முன்னோர் கிளம்பி வந்த மண் எப்படித்தான் இருக்கிறது என்று எனக்கு ரொம்ப நாளாகவே ஆசை. 2023-இல் சோமநாத்தில் சௌராஷ்டிர-தமிழ்ச் சங்கமம் நடந்தபோது மதுரையிலிருந்து தனி ரயில் விட்டார்களே, அப்போதே போயிருக்கலாம். கூட்டத்தோடு போவது எனக்கு ஒத்துவராது என்று உனக்குத் தெரியும்.

ராஜ்கோட்டில் இறங்கி நேராக ஜுனாகத் போனோம். கிர்நார் மலைக்குப் பத்தாயிரம் படி என்பார்கள். 2020-இலிருந்து ரோப் கார் ஓடுகிறது, அம்பாஜி கோயில் வரைக்கும் உட்கார்ந்துகொண்டே போய்விடலாம். அதை விடு. மலைக்குப் போகும் வழியில் ஒரு கட்டடத்துக்குள் ஒரு பெரிய பாறை இருக்கிறது. பெரும்பாலான யாத்ரீகர்கள் வண்டியை நிறுத்துவதே இல்லை. அசோகர் தன் பதினான்கு கட்டளைகளையும் அதில் வெட்டி வைத்திருக்கிறார். இரண்டாம் கட்டளையில் சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர் எல்லாருடைய பெயரும் வருகிறது. அங்கெல்லாம் மனிதருக்கும் விலங்குக்கும் வைத்தியம் செய்ய ஏற்பாடு செய்தாராம், மூலிகை இல்லாத இடத்தில் கொண்டுவந்து நட்டாராம். நம் ஊர் ராஜாக்களின் பெயர் குஜராத்தில் ஒரு பாறையில், அதுவும் மாட்டு வைத்தியத்தோடு சேர்ந்து! முதல் கட்டளை இன்னும் ருசி. முன்பு அரண்மனைச் சமையலுக்குத் தினமும் எத்தனையோ லட்சம் உயிர்களைக் கொன்றார்களாம். இப்போது இரண்டு மயில், ஒரு மான், அந்த மானும் எல்லா நாளும் இல்லை, இனி அதுவும் நிற்கும் என்கிறார். மயிலை விடவே அவருக்குக் கொஞ்சம் நாள் பிடித்திருக்கிறது பார்.

அதே பாறையில் கி.பி. 150 வாக்கில் ருத்ரதாமன் என்ற ராஜா ஒரு நீளமான சமஸ்கிருதக் கல்வெட்டு வெட்டினான். சந்திரகுப்த மௌரியர் காலத்தில் கட்டிய சுதர்சன ஏரி புயலில் உடைந்துவிட்டது. மந்திரிகளே முடியாது என்று கைவிட்ட கரையை, ஜனங்கள் மேல் வரி போடாமல், தன் கஜானாவிலிருந்தே கட்டிக் கொடுத்தேன் என்கிறான். பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் ஓட்டியவனுக்கு அதைப் படித்தால் பெருமூச்சு வராதா? நீயே சொல். அப்புறம் ஸ்கந்தகுப்தன் காலத்தில் அந்த ஏரி திரும்பவும் உடைந்து, திரும்பவும் கட்டி, அதையும் அங்கேயே எழுதி வைத்தார்கள். மூன்று அரசுகளின் எழுத்தும் ஒரே கல்லில்.

சரி, சிங்கத்துக்கு வருகிறேன். அதற்குத்தானே நீ காத்திருக்கிறாய்.

சாசண் கிர் ஜுனாகத்திலிருந்து அறுபது கிலோமீட்டர் சொச்சம். அனுமதிச் சீட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். ஜிப்சி வண்டி, ஒரு வழிகாட்டி, எந்தப் பாதை என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். காடு என்றதும் நீ முதுமலையை நினைத்துக்கொள்ளாதே. மாசி மாசத்தில் தேக்கு எல்லாம் இலை உதிர்த்து நிற்கும். தரை முழுக்க முறம் முறமாகக் காய்ந்த இலை. ஒரு மயில் நடந்தாலும் யானை வருகிற மாதிரி சத்தம் கேட்கும். மண்ணும் இலையும் சிங்கமும் ஒரே நிறம்.

எங்கள் வழிகாட்டி சித்தி என்கிற இனத்து இளைஞன். பல நூற்றாண்டுகளாகக் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வீரர்களாகவும் அடிமைகளாகவும் வந்து சேர்ந்தவர்களின் வம்சம். கிர் ஓரத்தில் ஜாம்பூர், சிர்வாண் என்று அவர்களுக்கு ஊர்களே இருக்கின்றன. சுருட்டை முடியோடு அந்த வட்டாரத்துச் சுத்த குஜராத்தி பேசினான். முக்கால் மணி நேரம் மானும் மயிலும்தான். பிறகு எங்கோ ஒரு குரங்கு காறுவது போலக் கத்த, அவன் கையைத் தூக்கினான். வண்டி நின்றது.

வறண்ட ஓடைக் கரையில் ஒரு பெண் சிங்கம் படுத்திருந்தது. கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. மங்கை காட்டித்தான் பார்த்தேன். வயிற்றுக்கடியில் தோல் மடிந்து தொங்கியது. ஆசியச் சிங்கத்தின் அடையாளமே அந்த மடிப்புதான் என்றான் பையன். காது மடலில் உண்ணி, மூக்கில் பழைய கீறல், ஈயை விரட்ட வாலை ஒரு தட்டு. எங்களைப் பார்த்தது, ஆனால் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. என்னை அசத்தியது அது இல்லை. அதிலிருந்து முப்பது அடி தள்ளி ஒரு வனத்துறை ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு மூங்கில் தடி. துப்பாக்கி கிடையாது. பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் போட்ட மாவாவை ஒரு பிளாஸ்டிக் தாளில் வைத்து உள்ளங்கையால் நிதானமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். சிங்கம் அவரைப் பற்றிக் கவலைப்படவில்லை, அவரும் சிங்கத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அன்று சாயங்காலம் காட்டுக்கு வெளியே ஒரு மால்தாரி வீட்டில் டீ குடித்தோம். மால்தாரி என்றால் மாடு மேய்ப்பவர்கள். காட்டுக்குள் நெஸ் என்று முள்வேலி போட்ட சின்னக் குடியிருப்புகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். எழுபதுகளில் சிங்கத் திட்டம் வந்தபோது பல குடும்பங்களை வெளியே கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். இன்னும் சிலர் உள்ளே இருக்கிறார்கள். வாசலில் ஜாஃப்ராபாதி எருமைகள், ஒவ்வொன்றும் ஒரு வேன் அளவு, கொம்பு கன்னத்தோடு வழிந்து தொங்கும். தண்ணீர் கலக்காத பாலில் டீ. சாஸரில் ஊற்றி உறிஞ்ச வேண்டும். மழைக்காலத்தில் ஒரு எருமையைச் சிங்கம் அடித்துவிட்டது என்றார் பெரியவர். அரசாங்கம் நஷ்டஈடு தருகிறது, எருமை விலைக்கு அது ஈடாகாது. "கோபம் வரவில்லையா?" என்று பையன் மூலமாகக் கேட்டேன். எருமை போனதற்கு வருத்தப்பட்டேன், சிங்கத்திடம் எதற்குக் கோபம், அதற்கு வேறு தொழில் தெரியாதே என்றார். இதை ஒரு பெரிய தத்துவமாகச் சொல்லவில்லை, ரேஷன் கடை பூட்டியிருக்கிறது என்கிற குரலில் சொன்னார். அவர் மகன் மேய்ச்சலுக்குப் போவதில்லை. ஜிப்சி ஓட்டுகிறான்.

ஒரு காலத்தில் ஈரான், இராக் தொடங்கி பீகார் பக்கம் வரைக்கும் இருந்த சிங்கம், நூறு வருஷத்துக்கு முன்னால் கிர் ஒன்றில் ஒண்டிக்கொண்டது. இருபது சொச்சம்தான் மிச்சம் என்று அன்று சொன்னார்கள். ஜுனாகத் நவாபுகள் வேட்டைக்குத் தடை போட்டார்கள். 1965-இல் சரணாலயம் ஆனது. 2020-இல் 674 இருந்தது, 2025 கணக்கில் 891. அதில் பாதிக்கு மேல் கிர் சரணாலயத்துக்கு வெளியே, மாந்தோப்பிலும் கடலோரத்துச் சவுக்கிலும் திரிகிறதாம். தலாலாவில் கேசர் மாம்பழத் தோப்புக்காரர்கள் ராத்திரி சிங்கம் வந்தால் காட்டுப்பன்றி வராது என்று சந்தோஷப்படுகிறார்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளில் விழுந்து செத்த சிங்கங்களும் உண்டு. பிறகுதான் ஆயிரக்கணக்கான கிணறுகளுக்குச் சுவர் கட்டினார்கள்.

இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல். 2018-இல் நாய்க்கு வருகிற டிஸ்டெம்பர் வைரஸ் தாக்கி இருபதுக்கு மேல் செத்தன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால் ஒரு நோய் போதும். 2013-இலேயே உச்ச நீதிமன்றம் மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்குச் சிலவற்றைக் கொண்டுபோகச் சொன்னது. குஜராத் கொடுக்கவில்லை. 2022-இல் அந்தக் குனோவுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து சிவிங்கிப்புலி வந்து இறங்கியது. சிங்கம் எங்கள் பெருமை என்கிறார்கள், புரிகிறது. எருமையை இழந்த பெரியவருக்கு இருந்த தாராளம் அரசாங்கத்துக்கு இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும். எழுது, சண்டை போடலாம்.

சோமநாத்துக்குச் சாசணிலிருந்து ஒரு மணி நேரம் சொச்சம். கோயில் பிரமாதம்தான், கடல் மதில் மேலேயே வந்து மோதுகிறது. போன், பெல்ட் எல்லாவற்றையும் வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். இப்போது நிற்பது 1947-க்குப் பிறகு படேல் முயற்சியெடுத்துக் கட்ட ஆரம்பித்தது. 1951 மே மாதம் ராஜேந்திர பிரசாத் வந்து பிரதிஷ்டை நடந்தது. பக்கத்திலேயே மராட்டிய ராணி அகல்யாபாய் ஹோல்கர் கட்டிய சின்னக் கோயில். அங்கே கூட்டம் இல்லை, நின்று கும்பிட முடிந்தது. எனக்கு அதுதான் பிடித்தது.

கஜினி முகமது கதை உனக்கும் எனக்கும் மனப்பாடம், பரீட்சைக்கு எழுதியிருக்கிறோம். 1264-ஆம் ஆண்டுக் கல்வெட்டைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கஜினி வந்து போய் இருநூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, பாரசீக வளைகுடாப் பக்கத்து ஹோர்முஸிலிருந்து வந்த நூருத்தீன் பிரோஸ் என்ற கப்பல்காரர் இதே ஊரில் ஒரு மசூதி கட்ட நிலம் வாங்குகிறார். ஊர்ப் பெரியவர் ஒருவர் துணை நிற்கிறார், பாசுபதம் என்ற சைவப் பிரிவின் குரு ஒருவரை வைத்துக்கொண்டு ஊர்ச்சபை சம்மதிக்கிறது. சமஸ்கிருதத்திலும் அரபியிலும் எழுதிவைத்தார்கள். சமஸ்கிருதக் கல்வெட்டில் ஹிஜ்ரி 662, விக்கிரம 1320, வலபி 945, சிம்ம 151 என்று நான்கு கணக்கிலும் தேதி போட்டிருக்கிறது. வருகிறவன் எந்தக் காலண்டர் பார்த்தாலும் புரியட்டும் என்று. வியாபாரம் நடக்கிற ஊர்க்காரர்கள் இப்படித்தான் இருப்பார்கள் போல. பக்கத்து வேராவலில் இன்றும் மரத்தில் மீன்பிடிப் படகு கட்டுகிறார்கள். கரையில் முதுகெலும்பு மட்டும் தெரிய வரிசையாக நிற்கும். நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தேன். மங்கை ரிக்‌ஷாவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கடைசியாக டையூ. "கடல் தெரியும் அறை" என்று காசு வாங்கிய விடுதியில் ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. கேட்டதற்கு, மொட்டை மாடிக்குப் போனால் கடல் தெரியும் சார் என்றார்கள். குஜராத்தில் மதுவிலக்கு, டையூ யூனியன் பிரதேசம். சனிக்கிழமை ராத்திரி என்ன நடக்கும் என்பதை உன் கற்பனைக்கே விடுகிறேன். திங்கள்கிழமை போ, ஊர் அமைதியாக இருக்கும்.

1535-இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷா, முகலாயர்களுக்குப் பயந்து போர்த்துகீசியரிடம் உதவி கேட்டுக் கோட்டை கட்ட இடம் கொடுத்தார். இரண்டு வருஷத்தில் அவர்கள் கப்பலுக்குப் பேசப் போனவர் திரும்பவில்லை. இடம் வாங்கியவர்கள் கிளம்பியது 1961 டிசம்பர் 19-இல். கோட்டையில் பாறையை வெட்டிக் கடல் தண்ணீரை உள்ளே விட்டு அகழி செய்திருக்கிறார்கள், பொறியாளன் கண்ணோடு பார்த்தால் அசந்துபோவாய். செயின்ட் பால் தேவாலயத்தின் பலிபீடம் முழுக்க மரச் செதுக்கல். தெருக்களில் மஞ்சளும் நீலமுமாக அழகான வீடுகள், பலவற்றில் பூட்டு. போர்த்துகீசியர் காலத்தில் பிறந்தவர்களும் பிள்ளைகளும் அந்த நாட்டுக் குடியுரிமை கேட்க முடியும் என்பதால், லெஸ்டர், லண்டன் என்று போய்விட்டார்கள். வேலை தேடி ஊரைக் காலி செய்வதற்கு நாம் என்ன புதிதாகச் சொல்ல இருக்கிறது. குக்ரி என்ற நம் போர்க்கப்பலின் நினைவிடத்திலும் சிறிது நேரம் நின்றோம். 1971 டிசம்பர் 9-இல் இந்தக் கடலில்தான் அதைப் பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கடித்தது. கேப்டன் முல்லா கப்பலைவிட்டு இறங்கவில்லை.

துவாரகைக்குப் போகவில்லை. உனக்காக விட்டுவைத்தேன் என்று வைத்துக்கொள். ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை கிர் மூடிவிடுவார்கள். டிசம்பர், ஜனவரி குளிர் உனக்கு ஆகாது. மார்ச் முதல் வாரம் சரியாக இருக்கும், இலையும் உதிர்ந்திருக்கும், சிங்கம் கண்ணில் படும். ராமேஸ்வரம்-ஓகா ரயில் மதுரை வழியாகத்தான் போகிறது, துவாரகையில் நிற்கும். இரண்டு ராத்திரிக்கு மேல் ரயிலில் உட்காரத் தங்கச்சி சம்மதிப்பாளா என்று கேட்டு எழுது. சம்மதித்தால் நாங்களும் வழியில் ஏறிக்கொள்கிறோமா, இல்லை விமானத்தில் வந்து ராஜ்கோட்டில் சேர்ந்துகொள்கிறோமா என்று முடிவு செய்யலாம்.

காட்டியா என்கிற அந்த ஊர் நொறுக்குத் தீனி ஒரு கிலோ பார்சல் அனுப்பியிருக்கிறேன். கடலைமாவு, ஓமம், எண்ணெய். பச்சை மிளகாய் வறுத்து, பப்பாளிக்காய்த் துருவலோடு தின்ன வேண்டும். டாக்டரிடம் சொல்லாதே.

அன்புடன்,
முத்து