மருந்தேற்றும் அறைக்கும் கண் பிரிவுக்கும் என் நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

நுரையீரல் புற்றுநோய்க்குப் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தபோது என் இரண்டு கண்களும் சிவந்து, பார்வை மங்கியது. அந்த நாட்களில் கூடவே நின்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் செவிலியர் அக்காவுக்கு. கண் சிவந்தால் சொட்டு மருந்து போதும் என்பதுதான் பொதுவான நினைப்பு. நீங்கள் அப்படி விட்டுவிடவில்லை. "பீளை தள்ளுதா? வெளிச்சம் கூசுதா? உள்ளுக்குள்ள வலிக்குதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். பீளை இல்லை, கூச்சமும் வலியும் உண்டு என்றதும் மருந்து ஏற்றுவதை நிறுத்திவைத்து டாக்டரை அழைத்தீர்கள். என் பார்வை தப்பியது அந்த மூன்று கேள்விகளால்தான் என்பேன்.

புற்றுநோய் மருத்துவர் ஐயா, இந்த மருந்து நோய் எதிர்ப்பு அணுக்களின் பிரேக்கை எடுத்துவிடும், அவை சில சமயம் உடம்பின் நல்ல பாகங்களையும் தாக்கும், நூறில் ஏறக்குறைய ஒருவருக்குக் கண்ணில் வரலாம் என்று பொறுமையாக விளக்கினீர்கள். அதைவிடப் பெரிய உதவி, கண் மருத்துவரிடம் நீங்களே போனில் பேசியது. இரண்டு டாக்டர்களுக்கு நடுவே நோயாளியே தபால்காரராக அலைவதுதானே வழக்கம்!

கண் மருத்துவர் அம்மா, ஸ்லிட் லேம்ப் என்ற கண் பரிசோதனைக் கருவியில் பார்த்து, இது யுவைட்டிஸ், கண்ணுக்கு உள்ளே வந்த அழற்சி என்றீர்கள். ஸ்டீராய்டு சொட்டு மணிக்கொரு தடவை. கருவிழித்திரை லென்ஸோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு தனியாக. ஸ்டீராய்டால் கண் அழுத்தம் ஏறலாம் என்று ஒவ்வொரு முறையும் அளந்து பார்த்தீர்கள். சிவப்பு போனதும் சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னதற்குத் தனி நன்றி.

அப்புறம் என் மருமகள். அந்தப் பால் நிற ஸ்டீராய்டு சொட்டில் மருந்து அடியில் தங்கிவிடும், குலுக்காமல் விட்டால் பாதி மருந்து புட்டியிலேயே நின்றுவிடும். அலாரம் அடிக்க அடிக்க எழுந்துவந்து, குலுக்கி, கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடச் சொல்லி மூக்கோரம் விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வாய். நர்ஸ் வேலைக்குப் போயிருக்கலாம் அம்மா நீ.

அழற்சி அடங்கி, இரண்டு டாக்டர்களும் பேசி முடிவெடுத்த பிறகு சிகிச்சை மறுபடி தொடங்கிவிட்டது. பக்கத்து நாற்காலியில் இருந்தபடி தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்த பெரியவரே, அது பத்திரமாக என்னிடம் இருக்கிறது. அடுத்த முறை கொண்டுவருகிறேன்.