போர்க்காலக் காட்டு சாகச காமிக்ஸ் சேகரிப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

வழக்கமான கூட்டங்கள் குறைவின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த அறிக்கை, சங்கத்திடம் உள்ள 1938–1945 காலத்துக் காட்டு சாகச இதழ்களைச் சரிபார்த்துப் பதிவேட்டில் ஏற்றிய வேலையைப் பற்றியது. பெரும்பாலானவை நியூயார்க்கின் ஃபிக்‌ஷன் ஹவுஸ் வெளியிட்டவை: காட்டு ராணி ஷீனா அமெரிக்காவில் அறிமுகமான ஜம்போ காமிக்ஸ் (1938 செப்டம்பர் முதல்), டார்சன் போன்ற காட்டு வீரன் காங்கா முதன்மை நாயகனாக வந்த ஜங்கிள் காமிக்ஸ் (1940 ஜனவரி முதல்), 1942இல் ஷீனா பெயரிலேயே தொடங்கிய தனி இதழ்.

ஜம்போவின் முதல் எட்டு இதழ்களும் பெரிய அளவில் கருப்பு வெள்ளையில் வந்தவை. ஒன்பதாவதில்தான் வண்ணம் வந்தது, அளவும் சிறியதானது. அளவு சிறியதாக ஒரு 'முதல் இதழ்' விலைக்கு வந்தால், அது பிற்கால மறுபதிப்பா, ஓரம் வெட்டியதா என்று விசாரிக்காமல் பணம் கொடுக்க வேண்டாம். அட்டையில் போட்டிருக்கும் மாதத்தையும் அப்படியே நம்பக் கூடாது. இதழ் கடைக்கு வருவது சுமார் இரண்டு மாதம் முன்பு. அட்டையில் 1941 டிசம்பர் என்றிருந்தால், 1941 டிசம்பர் 7இல் நடந்த பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு முன்பே அச்சாகி விற்பனைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

அதிக நேரம் பிடித்தது பக்கம் எண்ணும் வேலை. இரண்டாம் உலகப் போருக்கு முன் அட்டையோடு சேர்த்து 68 பக்கம். காகிதக் கட்டுப்பாடு இறுக இறுக அது 60 ஆகி, பிறகு 52 ஆனது. விலை மட்டும் பத்து சென்ட்டிலேயே நின்றது. நடுவில் மடித்துக் கம்பிப் பின் அடித்த இதழில் ஒரு தாள் போனால் நான்கு பக்கம் போகும். ஆகவே 64 அல்லது 56 என்று எண்ணிக்கை வந்தால் முதலில் நடுத்தாளைப் பாருங்கள். கம்பிப் பின்னின் துளைகள் தளர்ந்து, கதை ஓரிடத்தில் துண்டாகத் தாவினால் தாள் உருவப்பட்டிருக்கிறது. விதிவிலக்கான இதழ்களும் உண்டு என்பதால் கதை ஓட்டத்தையும் படித்துப் பார்த்த பிறகே 'குறை' என்று எழுதுகிறோம். விளம்பரக் கூப்பன் வெட்டப்பட்டிருந்தால் அதன் பின்பக்கக் கட்டமும் போயிருக்கும். அதையும் குறிக்க வேண்டும்.

ஒட்டுவேலையைக் கண்டுபிடிக்கப் புறஊதா விளக்கு வாங்கினோம். 1950க்குப் பிந்தைய வெள்ளைக் காகிதங்களில் பெரும்பாலும் வெண்மையூட்டி சேர்ந்திருக்கும். இருட்டறையில் அவை நீலமாக ஒளிரும். போர்க்காலச் செய்தித்தாள் காகிதம் மங்கலாகவே கிடக்கும். கிழிந்த மூலையில் வைத்த புதிய ஒட்டுத் துண்டு ஒரு நொடியில் தெரிந்துவிடும். இந்த விளக்கு செலவழித்த பணத்துக்கு முழு மதிப்பு.

அந்தப் போர்க்காலக் காகிதம் மரத்தை அரைத்த கூழில் செய்தது. அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டு அமிலமாகிறது. ஓரத்திலிருந்து உள்ளே பழுப்பேறி, மடித்தால் ஒடியும். நம் ஊர் ஐப்பசி ஈரத்தில் இரும்புப் பின் துருப்பிடித்துச் சுற்றியுள்ள காகிதத்தையும் அரித்துவிடும். பின் நீக்கியால் பிடுங்கவே கூடாது. உள்பக்கக் கால்களை மெல்லிய தட்டைக் கத்தியால் நிமிர்த்தி, வெளிப்பக்கமாக நேராக எடுக்க வேண்டும். செலோ டேப் கண்டிப்பாகக் கூடாது. அதன் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கினால் திரும்ப எடுப்பது மிகக் கடினம். இனி ஒவ்வொரு இதழும் மைலர் எனப்படும் பாலியஸ்டர் படல உறையில், அமிலமற்ற அட்டையோடு. பிவிசி உறைகள் முழுவதும் கழிக்கப்பட்டன. அந்துருண்டை வைப்பதும் நிறுத்தப்பட்டது. ராமபாணப் பூச்சி தென்பட்ட இதழ்களைக் காற்றுப் புகாமல் மூடி, இரண்டு வாரம் உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் வைத்தோம். வெளியே எடுத்தபின் ஒரு நாள் உறையைப் பிரிக்கக் கூடாது. உடனே பிரித்தால் காகிதத்தின் மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

உள்ளடக்கம் பற்றி ஒரு குறிப்பு. ஆப்பிரிக்க மக்களையும் ஜப்பானியரையும் இக்கதைகள் இழிவாகவே வரைந்தன. பதிவேட்டில் அதை மறைக்காமல் எழுதுகிறோம். அதே அளவு கவனத்தோடு ஓவியர்களின் பெயரையும் தேடி எழுதுகிறோம். 'டபிள்யூ. மோர்கன் தாமஸ்' போன்ற நிறுவனப் புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர்கள் யார் என்று தெரிய வேண்டும். ஆடவர் போருக்குப் போன ஆண்டுகளில் ஃபிக்‌ஷன் ஹவுஸுக்கு வரைந்த லில்லி ரெனே, ஃபிரான் ஹாப்பர், கறுப்பின ஓவியர் மாட் பேக்கர் ஆகியோருக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

ராணி காமிக்ஸ் வழியே மாயாவியாகத் தமிழ்ப் பிள்ளைகளிடம் வந்த முகமூடி வீரன் ஃபேண்டமின் போர்க்கால நாளிதழ்ச் சித்திரக்கதைப் பட்டைகள் அடுத்த ஆண்டு வேலை. 1942இல் அதன் ஓவியர் ரே மூர் படைக்குப் போக, வில்சன் மெக்காய் பேனா பிடித்தார்; எந்தப் பட்டை யார் கை என்று பிரிக்க வேண்டும். இதற்கு ஏ3 ஸ்கேனர் தேவை. இதழின் முதுகை 180 டிகிரி விரித்து அழுத்தாமல் படமெடுக்க வி வடிவத் தாங்கியும் வேண்டும். இரண்டையும் வாங்க நிர்வாகக் குழு பரிந்துரைத்துள்ளது. பொதுக்குழுவின் ஒப்புதலுக்காக இதை முன்வைக்கிறேன்.

செயலாளர்