தீர்ப்புக்கு முன் நடந்ததைச் சொல்லுங்கள்: ஜாம் விளையாட்டுகளுக்குப் பின்னூட்டம் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குறுகிய காலக்கெடுவுக்குள் விளையாட்டு செய்யும் நிகழ்வுகளான கேம் ஜாம்களில் வரும் விளையாட்டுகளை ஆடிப் பார்த்து மதிப்பெண்ணும் கருத்தும் தருகிற தோழர்களுக்கு,

வணக்கம். யாரோ ஒருவர் தனியாகவோ சிறு குழுவாகவோ இரண்டு மூன்று நாட்களில் செய்து முடித்த இயற்பியல் விளையாட்டு ஒன்றைத் திறக்கிறீர்கள். பெட்டிகள் சரிகின்றன, கயிறு ஊசலாடுகிறது, பந்து எங்கெங்கோ உருண்டு ஓடுகிறது. சற்று நேரம் ஆடிவிட்டு "அருமை, வாழ்த்துகள்" என்றோ "கண்ட்ரோல் சரியில்லை" என்றோ எழுதுகிறீர்கள். பிறகு அடுத்த விளையாட்டு. அந்த இரண்டு வரிகளைப் பற்றித்தான் இந்த மடல். இரண்டும் நல்ல மனத்தோடு எழுதப்படுபவை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவற்றைப் படிக்கிறவரால் அவற்றைக் கொண்டு தன் நிரலில் ஒரு வரியைக்கூட மாற்ற முடிவதில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். தீர்ப்பு சொல்வதற்கு முன் நடந்ததைச் சொல்லுங்கள். உங்கள் கை என்ன செய்தது, என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், திரையில் என்ன நடந்தது. இந்த மூன்றும் இருந்தால் போதும். பாராட்டா குறையா என்பது இரண்டாம்பட்சம்.

ஒரு பெட்டியை நகர்த்தித் தாவச் செய்யும் என் விளையாட்டு ஒன்றுக்கு வந்த பின்னூட்டத்தை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். "மூன்றாவது லெவலில் மஞ்சள் மேடைக்குத் தாவினேன். வலது அம்பை விடாமல் அழுத்தியிருந்தேன். பெட்டி மேடையின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. விரலை எடுத்ததும் கீழே விழுந்தது." அவ்வளவுதான் எழுதியிருந்தார். படித்ததுமே காரணம் விளங்கிவிட்டது. இயற்பியல் எஞ்சின் (பொருள்களின் அசைவையும் மோதலையும் கணக்கிடும் நிரல்) உராய்வைக் கணக்கிடுவது, ஒரு பொருள் இன்னொன்றை எவ்வளவு அழுத்துகிறது என்பதை வைத்துத்தான். ஆடுகிறவர் அம்பை அழுத்திக்கொண்டே இருந்தால் பெட்டி சுவரை அழுத்திக்கொண்டே இருக்கும். உராய்வு ஈர்ப்பு விசைக்கு ஈடுகொடுத்துவிடும். பெட்டி அந்தரத்தில் தொங்கும். பக்கச் சுவர்களின் உராய்வைப் பூஜ்யமாக்கினால் தீர்ந்தது. அதே இடத்தைப் பற்றி வேறு சிலர் "மூன்றாவது லெவல் மிகவும் கடினம்" என்று எழுதியிருந்தார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அதை மட்டும் நம்பி மேடையைத் தாழ்த்தியிருந்தால் லெவல் எளிதாகியிருக்கும். ஒட்டுகிற நோய் அப்படியே இருந்திருக்கும்.

கதை சொல்லும் விளையாட்டிலோ சொற்புதிரிலோ இவ்வளவு விவரம் தேவைப்படாது. அங்கே நீங்கள் பார்ப்பதும் நான் பார்ப்பதும் ஏறக்குறைய ஒன்றே. இயற்பியல் விளையாட்டில் அப்படி இல்லை. உருவாக்கியவர் எடை, உராய்வு, துள்ளல், ஈர்ப்பு என்று சில எண்களைத்தான் எழுதுகிறார். மற்றதை எஞ்சின் அந்தந்த நொடியில் கணக்கிடுகிறது. 2006-ஆம் ஆண்டு கேம் டெவலப்பர்ஸ் கான்பரன்ஸில் எரின் காட்டோ ஒரு சிறு செயல்விளக்கமாகக் காட்டிய பாக்ஸ்2டி போன்ற இலவச எஞ்சின்கள் பரவிய பிறகு, தனி ஆள் ஒருவர் ஒரு வார இறுதியில் சரிந்து விழும் கோபுரத்தைச் செய்துவிட முடிகிறது. ஆனால் அந்தக் கோபுரம் உங்கள் வீட்டில் எந்தப் பக்கம் சரிந்தது என்பது அவருக்குத் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் உண்டு.

உங்கள் கணினியும் இதில் ஒரு ஆட்டக்காரர் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. அவசரத்தில் எழுதப்பட்ட நிரலில் அடிக்கடி நேர்கிற ஒன்று: திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு தடவையும் பொருளை ஒரு தள்ளு தள்ளுவது, இடையில் எவ்வளவு நேரம் கடந்தது என்பதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுவது. நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கும் திரையில் 60 தள்ளு; 144 தடவை புதுப்பிக்கும் திரையில் 144. அதாவது 2.4 மடங்கு. ஒருவர் "படு சுலபம், பறந்துவிட்டேன்" என்று எழுதுகிறார். இன்னொருவர் "முதல் பள்ளத்தையே தாண்ட முடியவில்லை" என்று எழுதுகிறார். இருவருமே பொய் சொல்லவில்லை. இருவர் ஆடியதும் வேறு வேறு விளையாட்டு. பின்னூட்டத்தின் ஓரத்தில் "144 ஹெர்ட்ஸ் திரை", "பழைய மடிக்கணினி, உலாவியில் ஆடினேன்" என்று ஒரு துணுக்கு இருந்தால் உருவாக்கியவருக்கு ஓர் இரவு மிச்சமாகும்.

"பந்து சுவருக்குள் புகுந்து போய்விட்டது" என்று எழுதும்போதும் இப்படித்தான். எஞ்சின் காலத்தைத் துண்டு துண்டாகத்தான் பார்க்கிறது. விளையாட்டு செய்யும் மென்பொருள்களில், நாம் மாற்றாமல் விட்டால் யூனிட்டியில் நொடிக்கு 50 துண்டு, கோடோவில் 60. நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் போகும் பந்து, 60-இல் ஒரு பங்கு நொடியில் அரை மீட்டர் நகர்ந்துவிடும். சுவரின் தடிமன் 20 சென்டிமீட்டர் என்றால், ஒரு துண்டில் பந்து சுவருக்கு முன்னால் இருந்து, அடுத்ததில் பின்னால் இருக்கக்கூடும்; அப்போது மோதல் நிகழ்ந்ததாக எஞ்சினுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே பந்து எவ்வளவு வேகமாக வந்தது, எதிலிருந்து தெறித்து வந்தது என்று நீங்கள் சேர்த்துச் சொல்வதில்தான் பயன் இருக்கிறது. மெல்ல உருண்டு வந்த பந்து புகுந்ததென்றால் நோய் வேறு. தரை சமமாக இருந்தும் பந்து ஆங்காங்கே சிறிதாகத் துள்ளுகிறது என்றால் அதுவும் வேறு: கட்டம் கட்டமாக அடுக்கிய தரையின் இணைப்பு ஓரங்களில் பந்து இடறுகிறது என்று பொருள்.

இதெல்லாம் நிரல் தெரிந்தவர்கள் மட்டுமே எழுதக்கூடியது என்று நினைத்துவிடாதீர்கள். காரணத்தை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கேரம் ஆடியவர்களுக்குத் தெரியும், பலகையில் பவுடர் குறைந்திருப்பதை முதல் அடியிலேயே விரல் கண்டுகொள்ளும். உராய்வுக் கெழு என்ற சொல்லைக் கேள்விப்பட்டிராத சிறுவனும் "காய் நடுவிலேயே நின்றுவிடுகிறது" என்று சொல்லிவிடுவான். அந்தச் சிறுவன் சொல்வதைப் போல எழுதினால் போதும். "ஈர்ப்பு அதிகம்" என்பதைவிட "தாவியதும் பொத்தென்று விழுகிறது, மேலே இருக்கிற நேரத்தில் திசை மாற்ற முடியவில்லை" என்பது எனக்குப் பத்து மடங்கு உதவும். முன்னது உங்கள் ஊகம். பின்னது நீங்கள் கண்டது. ஒருவேளை குற்றம் ஈர்ப்பில் இல்லாமல் தாவும் வேகத்தில் இருக்கலாம், கேமரா தாமதமாகத் தொடர்வதிலும் இருக்கலாம்.

"கண்ட்ரோல் சரியில்லை" என்ற தீர்ப்புக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் இயற்பியல் விளையாட்டுகளுக்கு அதிகமாகக் கிடைப்பதும், அதிகமாகக் குழப்புவதும் அதுவே. 2008-இல் பென்னட் ஃபாடி வெளியிட்ட கியூவாப் விளையாட்டில் ஓட்டப்பந்தய வீரனின் தொடைகளுக்கு இரண்டு பொத்தான், கெண்டைக்கால்களுக்கு இரண்டு பொத்தான். நூறு மீட்டர் ஓட வேண்டும். பெரும்பாலோர் சில அடிகளிலேயே முகம் குப்புற விழுந்தார்கள். 2013 ஜனவரியில் நடந்த குளோபல் கேம் ஜாமில் 48 மணி நேரத்தில் பிறந்தது சர்ஜன் சிமுலேட்டர். இதயத்துடிப்பின் ஒலிதான் அந்த ஆண்டு ஜாமின் கருப்பொருள். அறுவை சிகிச்சை மருத்துவரின் கையை மவுஸால் நகர்த்த வேண்டும், விரல் ஒவ்வொன்றையும் மடக்கத் தனித்தனிப் பொத்தான். கத்தியை எடுக்கப் போனால் கடிகாரம் நெஞ்சுக்குள் விழும். அந்தத் தடுமாற்றத்துக்காகவே மக்கள் ஆடினார்கள். சில மாதங்களிலேயே அது முழு விளையாட்டாக விற்பனைக்கு வந்தது. அதன் ஜாம் வடிவத்துக்குக் "கண்ட்ரோல் சரியில்லை, எளிதாக்குங்கள்" என்ற அறிவுரையைக் கேட்டு விரல்களையெல்லாம் ஒரே பொத்தானுக்குள் அடக்கியிருந்தால் எஞ்சியிருப்பது என்ன?

எனவே தடுமாறினீர்கள் என்றால், தடுமாற்றத்தின் பிறகு என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். விழுந்ததும் சிரித்துவிட்டு மறுபடி முயன்றீர்களா? விழுந்தது உங்கள் தவறு என்று தோன்றியதா, விளையாட்டு உங்களை ஏமாற்றியது என்று தோன்றியதா? என் அனுபவத்தில், நல்ல தடுமாற்றத்தையும் கெட்ட தடுமாற்றத்தையும் பிரித்துக் காட்டும் கேள்வி இதைவிடக் கூர்மையாக வேறு இல்லை. உருவாக்கியவரால் இதற்குத் தானே விடை காண முடியாது. அவர் தன் விளையாட்டை ஓயாமல் ஆடி ஆடி அதன் கோணல்களுக்கெல்லாம் கையைப் பழக்கிக்கொண்டிருப்பார்.

இனி விருப்பப் பட்டியல்கள். "இன்னும் பத்து லெவல் வேண்டும்", "கைபேசியில் வர வேண்டும்", "இருவர் ஆடும்படி செய்யுங்கள்". அன்பு புரிகிறது. 2002-இல் தொடங்கிய லூடம் டேர் என்ற ஜாமில் ஒரு நல்ல விதி உண்டு: காலக்கெடு முடிந்த பின்னும் பிழைகளைத் திருத்தலாம், புதிய அம்சம் எதையும் சேர்க்கக் கூடாது. மதிப்பீடு பல நாட்கள் நடக்கிறது. அந்த நாட்களில் நீங்கள் சொல்கிற பிழையை அன்றிரவே திருத்தி, அடுத்து ஆடுகிறவருக்கு நல்ல விளையாட்டைக் கொடுக்க முடியும். விருப்பப் பட்டியலை அப்போது எதுவும் செய்ய முடியாது. அதை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. பிழையை முதலில் எழுதுங்கள் என்கிறேன். பந்து மாட்டிக்கொண்ட இடத்தைச் சொல்லாமல் புதிய லெவல் கேட்ட பின்னூட்டங்களைப் படிக்கும்போது மனம் அடித்துக்கொள்கிறது.

பாராட்டையும் இப்படியே எழுதலாம். 2005-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் ஒரு சோதனைத் திட்டம் நடத்தினார்கள்: ஒவ்வொரு விளையாட்டையும் ஒரே ஆள், ஏழு நாட்களுக்குள் செய்ய வேண்டும். அதில் கைல் கேப்ளர் செய்த டவர் ஆஃப் கூவில், பிசுபிசுப்பான உருண்டைகளை ஒன்றோடொன்று கோத்து உயரமாகக் கட்ட வேண்டும். கட்டக் கட்ட அது ஆடும். அந்த ஒரே ஆட்டம்தான் 2008-இல் வேர்ல்ட் ஆஃப் கூ என்ற முழு விளையாட்டாக வளர்ந்தது. ஜாம் விளையாட்டில் உயிருள்ள பகுதி பெரும்பாலும் இப்படிச் சிறியது, சில நேரம் உருவாக்கியவர் முக்கியமென்று நினைக்காத மூலையில் இருக்கும். இலக்கை மறந்துவிட்டு எதையாவது வெறுமனே ஆட்டிப் பார்த்தபடி இருந்தீர்களா? பெட்டிகளை அடுக்கிக்கொண்டே இருந்தீர்களா? அதை எழுதுங்கள். "அருமை" என்பது எந்த நொடியைப் பற்றியது என்று தெரிந்தால், அடுத்த மாதம் அவர் எதைப் பிடித்துக்கொண்டு மேலே போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

கடைசியாக, எழுதுவதற்கு நீங்கள் மிகவும் தயங்குகிற ஒன்று: எங்கே விட்டுவிட்டீர்கள் என்பது. மனம் புண்படும் என்று நினைத்துப் பாதியில் மூடிய விளையாட்டுக்கு மூன்று நட்சத்திரம் போட்டுப் பேசாமல் நகர்ந்துவிடுகிறோம். "இரண்டாவது லெவலில் ஊசல் கயிற்றைப் பலமுறை முயன்றேன், ஒவ்வொரு தடவையும் தொடக்கத்திலிருந்து வர வேண்டியிருந்தது, அத்தோடு மூடிவிட்டேன்" என்று யாராவது எழுதினால் நான் நன்றியோடு படிப்பேன். எனக்குத் தெரிந்த உருவாக்குநர்களும் அப்படியே. முழுதாக ஆடி முடித்தவர்கள் மட்டும் எழுதினால், முடிக்க முடியாதவர்கள் இருந்தார்கள் என்பதே எங்களுக்குத் தெரியாமல் போய்விடும். நடப்பு ஜாமின் மதிப்பீட்டுக் காலம் முடிவதற்குள், நீங்கள் பாதியில் மூடிய விளையாட்டுகளில் ஒன்றையாவது நினைவுபடுத்தி, எந்த இடத்தில் மூடினீர்கள் என்று அதை உருவாக்கியவருக்கு எழுதுங்கள். ஆடிய கணினியையும் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்களோடு சேர்ந்து ஆடி, மதிப்பெண் போட்டு, தன் விளையாட்டையும் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் ஒருவர்